உறை போட்ட படிப்பு

அந்தக் கல்லூரியில் கணினி அறிவியல் படிக்க வருகிறவர்கள் முதல் நாள் கற்றுக்கொள்வது செருப்பைக் கழற்றுவது. ஆய்வகத்தின் வாசலில் கழற்ற வேண்டும். கழற்றிவிட்டு உள்ளே போகலாம் என்று நினைத்தால் அது புது மாணவர்களின் அவசரம். கழற்றிவிட்டு வாசலிலேயே நின்று, கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடி வழியாக ஒவ்வொருவராக உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். பார்த்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பலாம்.

உள்ளே இரண்டு வரிசையாகக் கணினிகள் நீல உறை போர்த்தி உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கு ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வகுப்பறையில் மாணவர்களுக்கு ஒரு மின்விசிறி இருந்தது. அதுவும் சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சுற்றும்.

துறைத்தலைவர் அன்று மாணவர்களை வரவேற்றுப் பேசினார்.

"நல்லாப் பாத்துக்கிட்டீங்களா? அதான் கம்ப்யூட்டர். மூணு வருஷம் நீங்க படிக்கப்போறது அதைப் பத்தி. கவனிக்கணும், அதைப் பத்தி. அதுல இல்ல. இந்த வித்தியாசம் புரிஞ்சவன் பாஸ். புரியாதவன் எத்தனை வருஷம் ஆனாலும் இங்கயே இருப்பான்."

எல்லாரும் கைதட்டினார்கள். ஒருத்திக்கு மட்டும் புரியவில்லை. அவளைப் பற்றியதுதான் இந்தக் கதை.

அவளுக்கு வீட்டில் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது தேர்வு அனுமதிச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. கல்லூரியில் அவள் பெயர் எர்ரர். முதலாண்டில் விளம்பரப் புத்தகத்துக்குப் புகைப்படம் எடுக்க வந்தார்கள். அன்றுதான் உறைகளைக் கழற்றினார்கள். மாணவர்கள் கணினி முன்னால் உட்கார்ந்து, விசைப்பலகைக்கு மேலே விரலை நீட்டி, தொடாமல், ஆனால் தொடுகிற மாதிரி சிரிக்க வேண்டும். எல்லாரும் சிரித்தார்கள். இவள் தொட்டுவிட்டாள். தொட்டதோடு நிற்கவில்லை, அன்று காலை பாடத்தில் படித்த ஒற்றை வரியை அடித்து, என்டரையும் தட்டிவிட்டாள். எங்கோ ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. திரையில் சிவப்பாக எர்ரர் என்று வந்து நின்றது.

ஆய்வகத்தின் பொறுப்பாளர் ஓடிவந்து மின்சாரத்தையே அணைத்துவிட்டார். இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்தைத் தொங்கவிட்டிருந்ததால் அவரை எல்லாரும் சாவி அண்ணன் என்றுதான் சொல்வார்கள்.

துறைத்தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இந்த லேப் திறந்த நாள்லேருந்து இதுல ஒரு எர்ரர் வந்தது கிடையாது. நாங்க வரவிட்டது கிடையாது. எவ்வளவு கட்டுப்பாடா காப்பாத்திட்டு வந்தோம்! ஒரு நிமிஷத்துல பேரைக் கெடுத்திட்டியேம்மா."

அதற்குப் பிறகு வருகைப்பதிவிலேயே அவளை எர்ரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் "பிரசன்ட் சார்" என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

கணினியைத் தொடாமல் கணினி அறிவியல் எப்படிப் படிப்பது என்று வெளியாட்களுக்குச் சந்தேகம் வரலாம். அதற்குத்தான் ரெக்கார்ட் இருந்தது. கெட்டி அட்டை போட்ட நோட்டு. இடப்பக்கம் நிரலைக் கையால் எழுத வேண்டும். வலப்பக்கம் அடிக்கோல் வைத்து ஒரு பெட்டி வரைந்து, அதுதான் திரை என்று வைத்துக்கொண்டு, திரையில் என்ன வருமோ அதைப் பென்சிலால் எழுத வேண்டும். என்ன வரும் என்பது புத்தகத்தில் இருக்கும். பெட்டியின் மூலைகள் கூர்மையாக இருந்தால் தனி மதிப்பெண்.

இந்தக் கலையில் வகுப்பில் ஒருவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவன் அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். கையெழுத்து பிறக்கும்போதே கூட வந்துவிட்டது. வகுப்பு அவனைப் பென்சில் என்றது. ஒருமுறை அவன் திரைக்குள் கர்சரை வரைந்து, அது மினுக்குவது தெரிய வேண்டும் என்று பாதியை மட்டும் லேசாக நிழலடித்திருந்தான். துறைத்தலைவர் அந்தப் பக்கத்தை வேதியியல் துறைவரைக்கும் எடுத்துப்போய்க் காட்டிவிட்டு வந்தார். அந்தப் பருவத்தில் பென்சில்தான் முதல் மாணவன். அதற்கடுத்த பருவங்களிலும் அவனேதான்.

எர்ரரும் பென்சிலும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சு. அவன் அவளுக்குப் பெட்டி வரைந்து கொடுப்பான். அவள் அவனுக்கு நிரல் என்ன செய்கிறது என்று சொல்லிக்கொடுப்பாள். மதிப்பெண் பெட்டிக்குத்தான் என்பதால் இந்த வியாபாரத்தில் அவளுக்குத்தான் லாபம். ஆனாலும் அவள் கடைசியிலிருந்து இரண்டாவதாகவே வந்துகொண்டிருந்தாள். அதற்குக் காரணம் இருந்தது.

ஒன்றிலிருந்து பத்துவரை கூட்டுகிற நிரல் ஒன்று பாடத்தில் வந்தது. விடை ஐம்பத்தைந்து என்று புத்தகம் போட்டிருந்தது. எர்ரர் கடைத்தெருவில் இருந்த இன்டர்நெட் சென்டருக்குப் போய், அதே நிரலைப் புத்தகத்தில் இருந்தபடியே அடித்து ஓட்டிப் பார்த்தாள். நாற்பத்தைந்து என்று வந்தது. புத்தகத்து நிரல் பத்துக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. பத்தைக் கூட்டவே இல்லை. அவள் தன் பெட்டிக்குள் நாற்பத்தைந்து என்று எழுதி நீட்டினாள். சிவப்பு மையில் பெரிதாகப் பெருக்கல் குறி விழுந்தது. துறைத்தலைவரின் அறைக்குப் போனாள்.

"சார், இந்த ப்ரோகிராம் போட்டா நாப்பத்தஞ்சுதான் வருது."

"யார் சொன்னா?"

"மெஷின்ல ஓட்டிப் பாத்தேன் சார்."

"மெஷினுக்கு என்னம்மா தெரியும்? அது சிலபஸ் படிச்சிருக்கா? பரீட்சை எழுதியிருக்கா? இந்தப் புத்தகம் எழுதினவர் ரெண்டு டாக்டர் பட்டம் வாங்கினவர். உன் மெஷின் என்ன வாங்கியிருக்கு?"

"சார், ஓட்டிப் பாத்தாத்தானே..."

"அதான் சொல்றேன், ஓட்டாதே. ஓட்டறதாலதான் இந்த மாதிரி சந்தேகமெல்லாம் வருது. ஓட்டாதவனுக்கு ஐம்பத்தஞ்சு. ஓட்டினவளுக்கு நாப்பத்தஞ்சு. பத்து நஷ்டம் யாருக்கு? உனக்குத்தானே?"

அவர் மனப்பூர்வமாக அவளுக்காக வருத்தப்பட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

எர்ரரின் அம்மா கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தாள். இரண்டாம் ஆண்டு முடியும்போது கல்லூரி புது உறைகளுக்கு ஆர்டர் கொடுக்க, அளவெடுக்க அம்மாவைத்தான் பட்டறையிலிருந்து அனுப்பினார்கள். சாவி அண்ணன் கதவைத் திறந்துவிட்டார். அம்மா ஒரு முழு மதியம் ஏசியில் உட்கார்ந்து ஒவ்வொரு கணினியையும் டேப் வைத்து அளந்துவிட்டு வந்தாள்.

"என்ன குளுகுளுன்னு இருக்குடி உன் காலேஜு!" என்றாள் வீட்டுக்கு வந்ததும். "எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். பட்டனெல்லாம் மெத்துமெத்துன்னு இருக்கு. நீ தினமும் அதுலதான் அடிக்கிறியா?"

எர்ரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"ஏன்டி, எதாவது சொல்லேன்."

"நான் ஒரே ஒரு தடவைதான் தொட்டிருக்கேம்மா."

அம்மா சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. அன்று அம்மா வேறெதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த உறைகளைத் தைத்து முடிக்கும்வரை பட்டறையில் ஊசி ஊசியாக ஒடித்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மூன்றாம் ஆண்டில் ஒரு கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்க வந்தது. மதிப்பெண் போதாது என்று எர்ரரை உள்ளேயே விடவில்லை. முதல் ஆளாகப் பென்சிலை அனுப்பினார்கள். தன் அண்ணனிடம் இரவல் வாங்கிய சட்டை அவனுக்குத் தோளில் கொஞ்சம் பெரிது. துறைத்தலைவர் அவன் முதுகைத் தட்டி, "ரெக்கார்டை முதல்ல காட்டு. மிச்சத்தை அது பாத்துக்கும்" என்றார்.

உள்ளே இருந்த அம்மையார் ரெக்கார்டைப் பார்த்தார். பார்த்து, "ரொம்ப அழகா இருக்குங்க" என்றார். மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினார். "ஒண்ணுலேருந்து பத்துவரைக்கும் கூட்டுற மாதிரி ஒரு ப்ரோகிராம் அடிச்சுக் காட்டுங்க. ஈஸியானதுதான்."

பென்சில் ஒரு காகிதம் கேட்டான். கொடுத்தார்கள். அச்சடித்த மாதிரி எழுதி நீட்டினான்.

"சரிங்க. இதையே இதுல அடிங்க."

அவன் விரலை நீட்டினான். விளம்பரப் புத்தகத்தில் இருந்த அதே நிலைக்கு அவன் கை தானாகப் போய் நின்றது. அதற்குமேல் இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடினான். ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரிக்கு எப்படிப் போவது என்று தெரியாமல், இடைவெளிப் பட்டையைத் தட்டிக்கொண்டே போனான். வரி தானாக மடியும் என்று நம்பினான்.

"தம்பி, நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?"

"கம்ப்யூட்டர் சயின்ஸ்ங்க."

அந்த அம்மையார் கையிலிருந்த பெயர்ப்பட்டியலை மறுபடி பார்த்தார். "முதல் மாணவர்னு போட்டிருக்கு?"

"ஆமாங்க."

வெளியே வந்தவன் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். எர்ரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் ரெக்கார்டை மடியில் வைத்து அதன் மூலைகளைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"என்னடா ஆச்சு? திட்டினாங்களா?"

"திட்டியிருந்தா பரவால்லையே. அந்த மேடம் தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டாங்க."

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். அண்ணன் சட்டை என்பது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டான். எர்ரருக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. நாற்பத்தைந்துக்குப் பெருக்கல் குறி விழுந்தபோதுகூட அப்படி வரவில்லை. அது தன் மதிப்பெண். இவன் சொன்னதையெல்லாம் சொன்னபடி செய்தவன். செய்ததற்குத்தான் இந்தத் தண்டனை.

அன்று கம்பெனி யாரையும் எடுக்கவில்லை. மறுநாள் துறைத்தலைவர் வகுப்பைக் கூட்டி ஆராய்ந்தார்.

"கம்பெனிக்காரங்க தரம் ரொம்பக் கீழ போயிடுச்சு. கையெழுத்தைப் பாக்குறதில்ல, பெட்டியைப் பாக்குறதில்ல, அடி அடிங்கறாங்க. அடிக்கிறது டைப்பிஸ்ட் வேலை. நாம விஞ்ஞானிகளை உருவாக்குறோம். இருந்தாலும் குறை நம்ம பக்கமும் இருக்கு, நான் ஒத்துக்கறேன். பயிற்சி பத்தல. அதனால இந்த மாசத்துலேருந்து எல்லாரும் ரெண்டு ரெக்கார்ட் எழுதணும்."

எர்ரர் எழுந்தாள். "நாங்க எழுதல சார்."

"எதை?"

"எதையும் எழுதல. லேபைத் திறங்க. திறந்தாத்தான் ரெக்கார்ட் தருவோம்."

பென்சில் தன் ரெக்கார்டை மூடி அவள் மேசைமேல் வைத்தான். வகுப்பு துணிந்ததற்கு அவன் வைத்ததுதான் காரணம். முதல் மாணவனே வைத்துவிட்டான் என்றதும் வகுப்பு மொத்தமும் கொண்டுவந்து குவித்தது. எர்ரர் அந்தக் குவியல்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

இதனால் என்ன பெரிதாக நடந்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் அந்தத் துறையில் நகர்கிற பொருள் ரெக்கார்ட் ஒன்றுதான். அது நின்றதும் துறையே நின்றுவிட்டது. பேராசிரியர்கள் கையில் சிவப்புப் பேனாவோடு வராந்தாவில் அலைந்தார்கள். போதாததற்கு அடுத்த வாரம் தர ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. அந்தக் குழு வேறெதையும் பார்க்காது. ரெக்கார்டை மட்டும் பார்க்கும்.

துறைத்தலைவர் தானே இறங்கிவந்து பேச்சுவார்த்தை நடத்தினார்.

"ஏம்மா தொடணும் தொடணும்னு அடம் பிடிக்கிற? நான் தொட்டிருக்கேனா? எனக்குக் கத்துக்கொடுத்தவர் தொட்டாரா? தொடாமலே நான் துறைத்தலைவர் ஆகலையா?"

"அதான் சார் பிரச்சினையே."

"புள்ளைங்க தொட்டா தேஞ்சுபோகும். வாங்கின அன்னைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கு பாரு. வேற எந்தக் காலேஜ்ல இப்படி வச்சிருக்காங்க?"

எர்ரர் குவியலைவிட்டு எழவில்லை. மூன்றாம் நாள் முதல்வரே சொல்லியனுப்பினார். ஆய்வகத்தைத் திறந்துவிடுவோம், தர ஆய்வுக் குழுவின் முன்னிலையிலேயே திறப்புவிழா வைத்துவிடுவோம், கல்லூரியின் புதுமைத் திட்டம் என்று அதற்கும் சேர்த்து மதிப்பெண் வாங்கிவிடுவோம் என்பது அவர் கணக்கு. துறைத்தலைவர் ஒரே இரவில் அந்தத் திட்டத்தின் தந்தை ஆனார்.

விழா நாளில் ஆய்வகக் கதவில் நாடா கட்டியிருந்தது. குழுத்தலைவர் பெரிய மனிதர். கண்ணை மூடிக்கொண்டே தலையாட்டுகிற பழக்கம் உள்ளவர். நாடாவை வெட்டினார்கள். செருப்பைக் கழற்றினார்கள். உள்ளேயே போனார்கள். சாவி அண்ணன் கண் கலங்க ஒவ்வொரு உறையாக உருவினார். மாணவர்கள் சுவரோரம் நின்றார்கள்.

துறைத்தலைவர் பேசினார். "நான் முதல் நாள்லேருந்து என் மாணவர்களுக்குச் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். தொடுங்க! தொட்டுப் பாருங்க! தொடாம அறிவு வராது! கூச்சப்பட்டு ஒதுங்கி நின்னவங்களை நான்தான் கையைப் பிடிச்சு..."

எர்ரர் சுவரைவிட்டு முன்னால் வந்தாள். அவள் இதை முன்கூட்டி நினைத்து வந்தவள் அல்ல. அந்த 'கையைப் பிடிச்சு' என்ற சொல்தான் அவளைத் தள்ளியது.

"சார், முதல் ப்ரோகிராமை நீங்களே அடிச்சு ஆரம்பிச்சு வைங்க சார்."

குழுத்தலைவர் கண்ணைத் திறந்தார். "நல்ல யோசனை. ஆரம்பிங்க."

சுற்றிலும் கைதட்டினார்கள். துறைத்தலைவர் உட்கார்ந்தார். கோட்டுக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டார். விசைப்பலகையைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"யார் பண்ண வேலை இது?"

விசைப்பலகையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார்.

"எழுத்தெல்லாம் கலைஞ்சு கிடக்கு! ஏ-க்குப் பக்கத்துல பி எங்க? எஸ் வந்து உக்காந்திருக்கு! பி எங்கயோ கீழ கிடக்கு!" அடுத்த கணினிக்குத் தாவினார். அதற்கடுத்ததற்கும் ஓடினார். "இதுலயும்! இதுலயும்! ஒண்ணு விடாம கலைச்சு வச்சிருக்காங்க சார்! இவ்வளவு வருஷம் பூட்டி வச்சிருந்தும் உள்ள பூந்திருக்காங்க!"

மாணவர்களில் ஒருவன் சிரிக்கத் தொடங்கினான். ஆனால் குழுத்தலைவர் எழுந்து வந்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். விசைப்பலகையே அப்படித்தான் இருக்கும் என்று இவராவது சொல்லிவிடுவார் என எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் விசைப்பலகையை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"ஆச்சரியப்படாதீங்க," என்றார் துறைத்தலைவரின் தோளில் கைவைத்து. "நான் எத்தனையோ காலேஜுக்குப் போயிருக்கேன். எல்லா இடத்துலயும் இதே மாதிரிதான் கலைச்சு வச்சிருக்காங்க. இது ஏதோ பெரிய கும்பல். முதல் முதலா தைரியமா வெளியில சொன்னது நீங்கதான்."

உடனே விசாரணைக் கமிட்டி அமைத்தார்கள். கல்லூரிக்கு நேர்மைக்காகத் தனி மதிப்பெண் போட்டார்கள். தடயம் அழியக்கூடாது என்பதால் விசைப்பலகைகள் அத்தனையையும் கழற்றி முதல்வர் அறையில் வைத்து முத்திரையிட உத்தரவானது. ஆய்வகத்தைப் பொறுத்தவரை சொன்ன சொல் சொன்னதுதான், அது இனி எந்நேரமும் மாணவர்களுக்குத் திறந்தே இருக்கும் என்று முதல்வர் அறிவித்தார். சாவி அண்ணன் விசைப்பலகைகளைக் கழற்றி அள்ளிக்கொண்டு கிளம்ப, மற்றவர்கள் விருந்துக்குப் போனார்கள்.

மாணவர்கள் அங்கேயே நின்றார்கள். கதவு திறந்திருந்தது. உறைகள் மூலையில் கிடந்தன. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கணினி முன்னாலும் விசைப்பலகை இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு நீள்சதுரம் மட்டும் இருந்தது.

பென்சில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த வெற்றிடத்துக்கு மேலே கையை வைத்துப் பார்த்தான். எர்ரர் அதைப் பார்த்தாள். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் வராந்தாவில் ஓடினாள்.

சாவி அண்ணன் வெகுதூரம் போயிருக்கவில்லை. விசைப்பலகைகளை விறகுக்கட்டு மாதிரி இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு, வயர்கள் தரையில் இழுபட, மெதுவாக நடந்துகொண்டிருந்தார். அவள் முன்னால் போய் நின்றாள்.

"கீழ வைங்கண்ணே."

"இது தடயம்மா."

"கீழ வைங்கன்னு சொல்றேன்."

"முதல்வர் சார் ஆர்டர் போட்டிருக்காரு. உனக்கு ஏதாவது ஆர்டர் இருக்கா?"

"இல்ல."

அவள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. மேலே இருந்ததைப் பிடித்து இழுத்தாள். அவர் இறுக்கிப் பிடிக்கப் பார்த்தார், அடியிலிருந்தவை நழுவின. நான்கைந்து தரையில் விழுந்து சத்தம் கேட்டதும் வகுப்பு முழுக்க வராந்தாவுக்கு வந்துவிட்டது. ஆளுக்கொன்றாகப் பொறுக்கினார்கள். சாவி அண்ணன் சுவரில் சாய்ந்து, காலியான கைகளை உதறிவிட்டுக்கொண்டார். உண்மையில் அவருக்குக் கை ரொம்ப வலித்துக்கொண்டிருந்தது.

எந்த வயரை எங்கே செருகுவது என்று யாருக்கும் தெரியவில்லை. செருகிச் செருகிப் பார்த்தார்கள். எர்ரர் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சுவிட்சைப் போட்டாள். திரைகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். துறைத்தலைவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

"தடயத்துல கைவைக்கிறீங்களா! ஒவ்வொருத்தர் மேலயும் ஆக்ஷன் எடுப்பேன்! யாரெல்லாம் தொட்டது? கையைத் தூக்குங்க!"

எர்ரர் திரும்பினாள். "எல்லாரும்தான் சார் தொட்டோம். எழுதிக்கோங்க."

கையைத் தூக்க அங்கே யாருக்கும் கை காலியாக இல்லை. பென்சில் ஒற்றை விரலால் ஒரு எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தான். கிடைத்தது. தட்டினான். திரையில் அது வந்ததா என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுத்ததைத் தேடக் குனிந்தான்.